தூக்குப் பாலம் இரண்டு, பெயர் ஒன்று: உதவி தேவை

தங்கச்சிமடம் ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாம்பன் பாலம் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடும் கண் (தூண்களுக்கு இடையே உள்ள பகுதி) இரண்டு இலையாகப் பிளந்து எழும்படி கட்டப்பட்டது. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் கண் கிடந்தபடியே 17 மீட்டர் மேலே போகும். ஊரில் இரண்டுமே தூக்குப் பாலம்தான். பழைய வகை 'பஸ்கூல்', புதிய வகை 'வெர்டிகல் லிஃப்ட்'; இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது.

மதுரைப் புலவர்:
பிரெஞ்சில் பஸ்கூல் என்றால் சீசா. ஒரு பக்கம் எடை இறங்க மறுபக்கம் எழும். நம் கிணற்று ஏற்றமேதான்! ஆகவே 'ஏற்றப் பாலம்'.

சென்னைப் பொறியாளர்:
ஐயா, அந்தப் பலகையைப் பார்க்கும் லாரிக்காரர் மேடு வருகிறது என்று கியர் மாற்றுவார். யாழ்ப்பாணத்தார் கிணற்று ஏற்றத்துக்குச் சொல்லும் துலாவை எடுத்துக்கொண்டு 'துலாப் பாலம்' எனலாமே.

மதுரைப் புலவர்:
துலா வடசொல்.

சென்னைப் பொறியாளர்:
சேதுபதி சீமைக்கே அந்தக் கதிதான், ஐயா. சரி, 'செங்குத்துத் தூக்குப் பாலம்' என்று செய்தித்தாள்களில் வருகிறதே, அது போதாதா?

ஆசிரியை:
அதைத்தான் முதலில் எழுதினேன். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், செங்குத்தா நிக்கிறது பழைய பாலம்தானே? புதுசு படுத்துக்கிட்டேதானே மேல போகுது?" பதில் சொல்ல முடியவில்லை.

மதுரைப் புலவர்:
பையன் பிழைத்துக்கொள்வான். தூக்கு என்ற சொல்லையும் பாருங்கள். தூங்குதல் தொங்குதல், தூக்குதல் தொங்கவிடுதல். எடை நிறுத்தலும் தூக்குதல்தான், குறளில் 'சீர்தூக்கும் கோல்' வருகிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் தூக்கு ஓர் உறுப்பு. ஆக, எடை கட்டிச் சமன் செய்யும் பாலத்துக்கே தூக்கு...

சென்னைப் பொறியாளர்:
இரண்டிலும் எதிரெடை உண்டு, ஐயா. எடையை வைத்துப் பிரிக்க முடியாது. தவிர, பழையது ஷெர்சர் வகை. அடிப்பகுதி ஆடுநாற்காலிபோலப் பின்னால் உருண்டுதான் இலை எழும். சீசாவும் ஏற்றமும் அச்சில் நின்று ஆடுபவை. ஒப்புமை பாதிதான் பொருந்தும்.

பாம்பன் அன்பர்:
டீச்சர், கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளை நான். எங்கப்பா, பழசு "பிளந்து நிக்கும்", புதுசு "எழும்பி நிக்கும்" என்பார். அதிலிருந்து எடுங்களேன்.

ஆசிரியை:
நன்றி, தம்பி. 'பிளவுத் தூக்குப் பாலம்', 'நேர்தூக்குப் பாலம்'. நாளைக்குள் மறுப்பு வராவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சென்னைப் பொறியாளர்:
பிளவு என்றால் விரிசல் விட்ட பாலம் மாதிரி கேட்கிறது. இருந்தாலும் சரி.

பாம்பன் அன்பர்:
எனக்கும் சரி.

மதுரைப் புலவர்:
எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளவும். அப்புறம், 'நேர்தூக்கு பாலம்' என்று வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. எதைக் கருதினீர்கள், அம்மா?