மரச் சம்மனசு (தேவதூதர் சிலை) வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயிலாப்பூர்க்காரி:
தீவுத்திடல் பொருட்காட்சி, அரும்பாவூர்ச் சிற்பி ஒருவரின் கடை. வாகை மரத்தில் ஒரு முழ உயரச் சம்மனசு. அங்கியின் மடிப்பு, நெஞ்சில் குவித்த கை, எல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. மெல்லிய உளியை எடுத்தவர், "வீட்டில் எந்தத் திசை பார்த்து வைப்பீர்கள்?" என்றார். "ஷோகேசில்தான் அண்ணா, சும்மா அழகுக்கு" என்றேன். உளியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "அப்படியானால் இமை மூடியே இருக்கட்டும் அம்மா." வருகிறவர்கள் எல்லாம் 'தூங்குகிறதா?' என்கிறார்கள். கோபித்துக்கொண்டாரா, அதுதான் முறையா?

பெரம்பூர்வாசி:
எங்களுடையதற்குக் கண் இருக்கிறது, கூடவே உடம்பெல்லாம் குண்டூசித் துளை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்தோம். காலையில் பார்த்தால் மாட்டுப் பொம்மையின் முதுகில் மைதா தூவியது போல மரப்பொடி. துடைத்தோம், மறுநாளும் அதே. விற்றவர் தேக்கு என்று சத்தியம் செய்திருந்தார்.

சாந்தோம் தச்சர் மகன்:
அக்கா, கோபமெல்லாம் இருக்காது. கண் திறப்பதுதான் கடைசி வேலை. பூசைக்கு இல்லாததற்குத் திறக்கத் தயங்குகிறவர்கள் உண்டு.

தம்பி, வைரம் பாய்ந்த தேக்கை துளை போடும் அந்த வண்டு தொடாது. உங்களுடையது வைரம் பாயாத வெள்ளை மரம், அதிலுள்ள மாவுச்சத்துக்குத்தான் வருகிறது. வார்னிஷைச் சுரண்டிவிட்டு வெண்காரக் (போராக்ஸ்) கரைசல் பூசுங்கள். வார்னிஷ் மேலேயே பூசினால் உள்ளே இறங்காது. ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள், வெடிப்பு விடும். இனி வாங்குகிறவர்கள் இறக்கையைப் பாருங்கள். அரும்பாவூர்க்காரர்கள் ஒரே கட்டையில் குடைவதில் சூரர்கள், 2020இல் புவிசார் குறியீடே வாங்கினார்கள். ஆனாலும் விரித்த இறக்கை மரத்தின் இழைக்குக் குறுக்கே ஓடும்; கீழே விழுந்தால் பட்டென்று முறியும். தனியே செதுக்கி மர ஆணியால் பொருத்தியதே நிற்கும்.

என் கதையா? அப்பா செய்த ஜோடியில் ஒன்றை மட்டும் கேட்டு வந்தார் ஒருவர். அப்பா கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சைதாப்பேட்டை:
2015 வெள்ளத்தில் எங்கள் ஷோகேஸ் கவிழ்ந்து, சம்மனசு மல்லாந்து சமையலறைப் பக்கம் மிதந்து போனது. முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பாட்டி, "முதலில் அதைப் பிடிடா!" என்று அதட்டினாள். ரேஷன் கார்டு அப்போது கட்டிலுக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தது.

தச்சர் மகன் அண்ணே, அது ஒரே கட்டைதான். ஆணியும் கிடையாது, முறியவும் இல்லை. இறக்கை முதுகோடு ஒட்டி மடிந்திருக்கும். விரித்துத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அல்லவா உங்கள் ஆணி?