சோயா புண்ணாக்கை 30 நாள் பூட்டி வைக்கணுமா?

கூடலூர் பண்ணைக்காரன்:
வெண்பன்றி வளர்க்கிறேன், தாய்ப்பன்றி 18. 2022 ஜூலையில மானந்தவாடியில ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தப்பவே ஓட்டல் எச்சில் சோத்தை நிறுத்திட்டேன். 2023 ஜனவரியில முதுமலையில காட்டுப்பன்றிங்க செத்ததும் இதே நோய்லதான். இப்ப மக்காச்சோளம், தவிடு, சோயா புண்ணாக்கு மட்டும்தான் போடறேன். அதுக்கும் ஒரு வாட்ஸ்அப் சேதி வந்துடுச்சு: வைரஸ் சோயாவுலயே ஒரு மாசம் உயிரோட கிடக்குமாம், வாங்கின மூட்டையை 30 நாள் பூட்டி வெச்சுட்டுத்தான் பிரிக்கணுமாம். அவ்வளவு முன்கூட்டி வாங்கி அடுக்க எங்கிட்ட கிடங்கும் இல்ல, காசும் இல்ல. இது நெசமா?

நாமக்கல் மில்லுக்காரன்:
அதெல்லாம் சும்மாங்க. சோயாவுல எண்ணெய் எடுத்ததும், எண்ணெயைப் பிரிக்க ஊத்தின ஹெக்சேன்ங்கிற கரைப்பான்ல மிச்சமிருக்கிறதை ஓட்டறதுக்கு நீராவி விட்டு 100 டிகிரிக்கு மேல வறுக்கறாங்க. இந்த வைரஸ் 60 டிகிரியில 20 நிமிஷம் தாங்காது. அப்புறம் எங்கிருந்து உயிரோட வரும்? நமக்கு வர்ற சோயா மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிராவுலருந்து லாரியில வருது. அந்த வாட்ஸ்அப் சேதிக்குப் பின்னால இருக்கிற ஆராய்ச்சி கப்பல் சரக்குக்கு.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
வறுக்கும்போது சாகும், அதில் சண்டையே இல்லை. வறுத்த பிறகு அந்தப் புண்ணாக்கு எதையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிறது என்பதுதான் கேள்வி. 2013இல் அமெரிக்காவில் பன்றிக்குட்டி வயிற்றுப்போக்கு வைரஸ் முதல் தடவையாக நுழைந்து, ஒரே வருஷத்தில் சுமார் 70 இலட்சம் குட்டிகளைக் கொன்றது. சீனாவில் இருந்த அதே நோயின் வைரஸுக்கு மிக நெருக்கமான வகை அது. எப்படி வந்தது என்று 2015இல் அந்நாட்டு விவசாயத் துறை அலசியபோது, ஒரு டன் கொள்ளும் பெரிய பைகள்மேல்தான் சந்தேகம் அதிகமாக விழுந்தது. அழுக்கான பையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. நிரூபணம் ஆகவில்லை, ஆனால் அதுதான் பொருந்தி வந்த வழி.

நாமக்கல் மில்லுக்காரன்:
அது வேற வைரஸ், டாக்டர் சார். அதைக் காட்டி இதுக்கு பயம் காட்டறீங்க.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
இதற்கும் பார்த்திருக்கிறார்கள். தீவனப் பொருட்களில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸைக் கலந்து, அட்லாண்டிக் கடற்பயணம் போல 30 நாள் வைத்தார்கள். வைரஸ் அளவு பாதியாகக் குறையவே 9.6 முதல் 14.2 நாள் வரை பிடித்தது. பத்து நாளுக்கு ஒரு பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 30 நாளில் எட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். 1 இலட்சத்தில் ஆரம்பித்தால் 12,500. ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்தியும் அரைகுறைதான். 30 நாள் என்பது மந்திரம் இல்லை.

வேதியியல் வாத்தியார்:
அந்த ஆய்வு மேசையில் வைரஸை ஊற்றிச் செய்தது. தோட்டத்தில் யார் ஊற்றுகிறார்கள்? ஜெர்மனியில் கோதுமை, பார்லி, மக்காச்சோளம் மேல் நோய்ப்பட்ட ரத்தத்தைத் தடவிப் பார்த்தார்கள். சாதாரண அறைவெப்பத்தில் 2 மணி நேரம் உலர்த்தியதுமே உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. மரபணுத் தடம் மட்டும் இருந்தது. அந்தத் தடத்தைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பாசிட்டிவ் வந்தாலே தீவனம் விஷம் என்று ஊரைக் கூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். இன்னொன்று: பன்றிக்கு நோய் தொற்ற, இன்னொரு ஆய்வின்படி, தண்ணீர் போன்ற திரவத்தில் ஒரே ஒரு அலகு வைரஸ் போதும், தீவனத்தில் குறைந்தது 10,000 அலகு வேண்டும்.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
10,000 என்பது ஒரு வேளைத் தீனிக்கு, வாத்தியாரே. பன்றி ஒரு தடவை தின்றுவிட்டு நிறுத்துகிற பிராணியா? அதே மூட்டையை நாள் தவறாமல் தின்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் நோய் தொற்றும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும் என்று அந்த 10,000 கணக்குச் சொன்ன ஆய்விலேயே இருக்கிறது. ஜெர்மன் ஆய்வை நான் மறுக்கவில்லை. உலர்ந்த தானியத்தின் மேற்பரப்பு வேறு, பொடியான புண்ணாக்கு வேறு. பொடிக்குள் போனது வெளியே கிடப்பதுபோலச் சாவதில்லை.

கோவை எச்சில்வண்டி:
நல்லாப் பேசறீங்க சாமி. எங்களை மட்டும் குறிவெச்சு இத்தனை வருசம் திட்டினீங்க. நான் அண்டாவுல கொதிக்க வெச்சுத்தான் ஊத்தறேன். மூட்டைத் தீவனம் போடறவங்க சுத்தம், நாங்க அசுத்தம்னு இல்லேன்னு இப்பவாவது ஒத்துக்கோங்க.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணே. 1957இல் இந்த வைரஸ் ஆப்பிரிக்காவை விட்டு முதன்முதலாக வெளியே போனதே லிஸ்பன் விமான நிலையத்து எச்சில் சோற்றில். அதைத் தின்ற பக்கத்துப் பண்ணைப் பன்றிகளுக்குத்தான் வந்தது. நீங்கள் கொதிக்க வைப்பீர்கள், உங்களுக்கு உடம்பு சரியில்லாத அன்று வண்டி ஓட்டுகிற பையன் வைப்பானா? முதல் ஆபத்து இன்னமும் எச்சில்தான். தீவனம் அதற்குப் பின்னால்தான் வரும். பின்னால் வருவதால் இல்லை என்று ஆகாது.

கூடலூர் பண்ணைக்காரன்:
எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. வைக்கணுமா, வேண்டாமா?

ஈரோடு கால்நடை மருத்துவர்:
நாளை எண்ணாதீர்கள், சூட்டை எண்ணுங்கள். கனடாவில் நோயுள்ள நாட்டுத் தானியத்துக்கு 20 டிகிரியில் 20 நாள், 10 டிகிரியில் 100 நாள் என்று வைத்தார்கள். சித்திரையில் நாமக்கல் கிடங்கில் கிடக்கிற மூட்டையும் மார்கழியில் உங்கள் மலையில் கிடக்கிற மூட்டையும் ஒன்றல்ல. முடிந்தவரை ஒரு லோடு முன்னால் வாங்கி, பழையதை முதலில் போடுங்கள். அதைவிட முக்கியம் சாக்கு. உங்கள் வியாபாரி காலிச் சாக்கைத் திரும்ப வாங்குகிறாரா?

கூடலூர் பண்ணைக்காரன்:
ஆமாங்க, காலிச் சாக்கைக் கொடுத்தா பில்லுல கழிச்சுக்குவாரு.

நாமக்கல் மில்லுக்காரன்:
எல்லா இடத்துலயும் அப்படித்தான், அதுல என்ன இருக்கு?

ஈரோடு கால்நடை மருத்துவர்:
எத்தனை பன்றிப் பண்ணை வாசலில் கிடந்த சாக்கு அது? புண்ணாக்கை 100 டிகிரியில் வறுத்து, வேறொருத்தர் பட்டியில் சாணி மிதித்த சாக்கில் கட்டி அனுப்பினால் வறுத்தது எதற்கு?

கூடலூர் பண்ணைக்காரன்:
எழுந்துபோய்ப் பாத்துட்டு வந்தேன். எட்டு மூட்டை இருக்கு. அஞ்சுல வாய்த்தையல் பக்கத்துல பழைய ஊசி ஓட்டை வரிசையா தெரியுது, பிரிச்சுத் திரும்பத் தைச்சிருக்காங்க. ஒண்ணோட அடியில காஞ்ச சேறு. அதுல ஒட்டிக்கிட்டு வெள்ளை முடி ரெண்டு. என் பன்றியோடதா, அடுத்தவன் பன்றியோடதான்னு தெரியலை.

வேதியியல் வாத்தியார்:
முடி இருந்தால் வைரஸ் இருந்தது என்று ஆகிவிடாது. அதே சமயம், எனக்கும் அந்தச் சாக்கு பிடிக்கவில்லை.

நாமக்கல் மில்லுக்காரன்:
புதுச் சாக்கு போட்டா மூட்டைக்குக் காசு ஏறும், அதையும் நீங்கதான் தரணும். கோழிக்காரங்க யாரும் கேக்கறதில்லை.

கூடலூர் பண்ணைக்காரன்:
எவ்வளவு ஏறும்னு மட்டும் சொல்லுங்க. வியாபாரிகிட்ட நாளைக்கே பேசறேன். அந்த ஒரு மூட்டையை இன்னிக்குப் பிரிக்கலை.