கலர் நெகட்டிவ் ஸ்கேனைக் கருப்பு வெள்ளையாக்க நல்ல வழி எது?

மயிலைவாசி:
கோடாக் கோல்டு 200 ரோலில் எழும்பூர் ஸ்டேஷன் முகப்பையும் கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தையும் எடுத்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். கருப்பு வெள்ளையில் பார்க்க ஆசை. சாச்சுரேஷனை (நிறச் செறிவை) பூஜ்யமாக்கினால் ஸ்டேஷனின் சிவப்புச் சுவரும் பக்கத்து மரமும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன, கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகின்றன. ஸ்கேனரிலேயே கிரேஸ்கேல் வைத்து மறுபடி ஸ்கேன் செய்யட்டுமா?

இருட்டறை:
வேண்டாம் சார், நிறம் அங்கேயே போய்விடும். கலரிலேயே, முடிந்தால் நிற நுணுக்கம் அதிகம் பதியும் 48 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு வெள்ளை ஃபிலிம் என்றால் லென்ஸுக்கு முன்னால் மஞ்சளா சிவப்பா எந்த ஃபில்டர் என்று கிளிக் செய்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், உங்களுக்கு அதை இப்போது நிதானமாகச் செய்யலாம். கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டரில் மோனோ மிக்சர் இருக்கிறது, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் எவ்வளவு கலந்து கருப்பு வெள்ளையாக்குவது என்று அதில் வைக்கலாம். அதைத் தொடுவதற்கு முன் அந்த மூன்று நிறங்களின் சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எழும்பூர்ச் சுவர் சிவப்பு சேனலில் வெளிறி வெள்ளைப் பகுதிகளோடு கலந்துவிடும். பச்சையில் சுவர் இருண்டு, வளைவுகளின் வெள்ளை விளிம்பு எடுப்பாக நிற்கும். நானாக இருந்தால் பச்சை 80%, சிவப்பு 20% என்று ஆரம்பிப்பேன். கூட்டினால் 100%-ஐ ஒட்டி வரட்டும், இல்லாவிட்டால் படத்தின் வெளிச்சமே மாறிவிடும்.

கடற்கரை ரோல்:
நீலத்தை ரொம்ப ஏற்றாதீர்கள், கலர் நெகட்டிவ் ஸ்கேனில் பெரும்பாலும் கிரெயின் (ஃபிலிமின் பொடிப்புள்ளிகள்) அதிகம் தெரிவது அதில்தான். சிவப்பை ஏற்றினால் வானம் கறுக்கும் என்பார்கள். மழை விட்ட டிசம்பர் காலைக்கு அது சரி, மே மாத வெளுத்த வானத்தில் நீலமே கிடையாது, அப்புறம் எது கறுக்கும்? படத்தில் ஆட்கள் இருந்தால் இன்னும் கவனம். சிவப்பு சேனல் நம் ஊர் முகங்களை வெளுக்க வைத்துத் தட்டையாக்கிவிடுகிறது, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

மயிலைவாசி:
பச்சையை ஏற்றியதும் சுவர் பிரிந்து வந்துவிட்டது, நன்றி! கோபுரம்தான் இன்னும் மசமசவென்று இருக்கிறது.

இருட்டறை:
அத்தனை வண்ணத்துக்கு ஒரே கலவை போதாது. சிவப்பு சேனலில் நீலச் சிற்பங்கள் இருளும், சிவப்புச் சிற்பங்கள் வெளிறும், பச்சையில் கணக்கே வேறு. இரண்டு கலவைகளை இரண்டு லேயர்களாக வைத்து, கோபுரத்தின் எந்த அடுக்கில் எது நன்றாகப் பிரிகிறதோ அது மட்டும் தெரியும்படி, மற்றதை மாஸ்க் போட்டு மறையுங்கள். மெதுவாகத்தான் ஆகும், கோபுரத்துக்கு அந்தப் பொறுமை தகும். மறுபடி ஸ்கேன் செய்தால் ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பை மறைக்காது என்பதால் தூசி மட்டும் தனியாகத் தெரியும். வெள்ளி உள்ள சாதாரணக் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இந்த வசதி இல்லை.