தமிழ்நாட்டுப் பதிவெண் காரோடு பெங்களூருக்குப் போகிறோம்: ஆர்சி, இன்சூரன்ஸ் இரண்டையும் என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். வேலை மாற்றலாகி அடுத்த மாதம் கோவையிலிருந்து பெங்களூருக்குக் குடிபோகிறோம். கார் வாங்கி நாலு வருடம் ஆகிறது, டிஎன் எண், லோன் இன்னும் 14 மாதம் பாக்கி. அலுவலகத்தில் ஒருவர், போன கையோடு கேஏ எண்ணுக்கு மாற்றிவிடு, இல்லையென்றால் வழியில் நிறுத்தி வரி கட்டச் சொல்வார்கள் என்கிறார். இன்னொருவர் ஒரு வருடம் வரை யாரும் கேட்க முடியாது என்கிறார். இரண்டு வருடம் இருப்போமா, நிரந்தரமாகத் தங்கிவிடுவோமா என்று எங்களுக்கே தெரியாது. ஆயுள் வரியை இன்னொரு தடவை கட்டுவதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. இன்சூரன்ஸையும் அங்கே போய்ப் புதிதாக எடுக்க வேண்டுமா?

பதில் 1

இரண்டாவது நண்பர் சொன்னதுதான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புதிய எண் வாங்க வேண்டும். ஆனால் அந்த 12 மாதம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டால் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிய நாளின் ஃபாஸ்டேக் கணக்கு, போவதற்கு முந்தைய வாரம் ஊரில் சர்வீஸ் விட்ட பில், புது வீட்டு வாடகை ஒப்பந்தம், மூன்றையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் போன வருடம் இரண்டு முறை நிறுத்தப்பட்டேன், இரண்டு முறையும் இதைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

வருடத்துக்குள் திரும்பிவிடும் வாய்ப்பு இருந்தால் என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்காதீர்கள். தங்குவது உறுதி என்றால் பத்தாவது மாதமே வேலையைத் தொடங்கிவிடுங்கள். என்ஓசி கேட்டு உங்கள் பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுக்க வேண்டும். லோன் இருப்பதால் முதலில் வங்கியின் சம்மதக் கடிதம், அது கைக்கு வராமல் எதுவும் நகராது. வண்டி மேல் பாக்கி இருக்கும் இ-சலான் எல்லாம் கட்டியிருக்க வேண்டும். படிவத்தில் சேசிஸ் எண்ணின் அச்சு கேட்பார்கள்: எண் மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்து எடுப்பது. துருவும் கிரீசும் படிந்திருந்தால் எழுத்து தெரியாது, துடைத்துவிட்டுத் தேயுங்கள், இரண்டு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரி. கர்நாடகாவில் வண்டியின் வயதைப் பார்த்துக் குறைத்துத்தான் போடுவார்கள், புது வண்டிக்கு உள்ள அளவு வராது. அதற்கு ஷோரூம் கொடுத்த அசல் இன்வாய்ஸ் வேண்டும், இப்போதே தேடி எடுத்து வையுங்கள். புது ஆர்சி வந்ததும் அதன் நகலையும் வரி ரசீதையும் வைத்துத் தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். பலர் அலைச்சலுக்குப் பயந்து இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், உங்கள் பணம்.

பதில் 2

இன்சூரன்ஸ் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டவன். பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், புதிதாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் எண் மாறிய அன்றே கம்பெனிக்குச் சொல்லி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் புது எண்ணைப் பதிந்து தருவது) வாங்கிவிட வேண்டும். நான் கேஏ பலகை மாட்டிவிட்டு, ரினியூவலுக்கு நாலு மாதம்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நடுவில் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்து டிக்கி உள்ளே போய்விட்டது. சர்வேயர் வந்து பலகையைப் பார்த்தார், பாலிசியைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றுதான் என்று நிரூபிக்க என்ஓசி, பழைய ஆர்சி, புது ஆர்சி என்று ஒவ்வொன்றாக அனுப்பி, பணம் வர ஏழு வாரம். அதுவரை வண்டி ஒர்க்‌ஷாப்பில்தான் கிடந்தது.

இன்னொன்று, இன்சூரன்ஸ் கணக்கில் கோவை பி மண்டலம், பெங்களூர் ஏ மண்டலம். அதனால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் கொஞ்சம் கூடும். மூன்றாம் நபர் பிரீமியம் நாடு முழுக்க ஒன்றுதான், என்ஜின் சிசியைப் பொறுத்தது. நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) வண்டி எண் மாறியதால் போகாது, அது உரிமையாளருக்கு உரியது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும்.

பதில் 3

பிஎச் எண் (பாரத் வரிசை, மாநிலம் மாறினாலும் மாற்றத் தேவையில்லாத பதிவெண்) பற்றி யாரும் சொல்லவில்லையே. 2021 செப்டம்பரில் வந்தது. அரசு ஊழியர்களுக்கும், நாலு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் உண்டு. 2022 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பழைய வண்டியையும் மாற்றலாம். வரியை இரண்டு இரண்டு வருடமாகக் கட்டினால் போதும். எத்தனை வருடம் இருப்பீர்கள் என்று தெரியாத உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது. கம்பெனியில் படிவம் 60 (இதற்கான வேலைச் சான்று) தருவார்களா என்று எச்ஆரிடம் கேளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் கம்பெனிக்கு ஆறு மாநிலங்களில் அலுவலகம் இருக்கிறது, திங்கள்கிழமை எச்ஆரிடம் கேட்கிறேன். இன்வாய்ஸ் கிடைத்துவிட்டது, பீரோவில் குழந்தையின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருந்தது. எண் மாறினால் ஃபாஸ்டேக்கும் மாற்ற வேண்டுமா?

பதில் 1

ஆமாம், டேக் பதிவெண்ணோடு சேர்ந்தது. புது ஆர்சியை டேக் கொடுத்த வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். புகைச் சான்றிதழையும் புது எண்ணில் எடுத்துவிடுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.