அம்மாவின் கால் விறைப்பு: மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு புதுப்பிப்பு

அம்மாவுக்குப் பாதம் விறைக்கிறது, இரவில் எரிகிறது, என்ன செய்யலாம் என்று சித்திரையில் கேட்டிருந்தேன். பலர் எண்ணெய் பூசச் சொன்னீர்கள். பூசினோம், எரிவு அப்படியேதான் இருந்தது.

பிறகு இரத்தம் சோதித்ததில் நரம்புகளுக்கு வேண்டிய விற்றமின் பி12 நன்றாகக் குறைந்திருந்தது. அம்மா சீனி வருத்தத்துக்கு 10 வருடமாக மெட்ஃபோர்மின் எடுக்கிறார். நீண்ட நாள் எடுத்தால் அது பி12 உடம்பில் சேருவதைக் குறைக்கக்கூடுமாம். போதாக்குறைக்கு அம்மா சைவம். முருங்கையிலையிலும் பருப்பிலும் வேறு சத்து எவ்வளவோ உண்டு, பி12 மட்டும் இல்லை. எனக்கே அது புதுச் செய்தி. ஊசி போட்டார்கள், வீட்டில் பாலும் தயிரும் கூடின. மீனைப் பற்றிக் கதைத்தால் அம்மா எழும்பிப் போய்விடுவார். சரி, விட்டுவிட்டேன்.

வெள்ளைச் சோறு பாதியாகி, காலையில் குரக்கன் பிட்டு. பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் அரை மணி நடை, செருப்போடுதான். போன கிழமை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தால், இடது குதியில் சிப்பித்துண்டு ஏறி இரத்தம் கசிகிறது. அம்மாவுக்குத் தெரியவே இல்லை! எனக்குத் தெரியாமல் செருப்பைக் கழற்றி அலையில் கால் நனைத்திருக்கிறார். அன்றிலிருந்து படுக்கும் முன் டோர்ச் அடித்துப் பாதம் பார்ப்பது என் வேலை.

பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்றில் கால் வைக்கச் சொன்னவர்களுக்கு: அங்கே 7 கிணறும் ஒரே சூடில்லை, விறைத்த காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. போகவில்லை.

எரிவு குறைந்திருக்கிறது. விரல் நுனிகளில் விறைப்பு இன்னும் உண்டு. அடுத்த இரத்தச் சோதனை ஆவணியில்.