ஸ்கூபா சான்றிதழ்: உங்களுக்கு உண்மையில் எத்தனை நாள் பிடித்தது?

சேலம்வாசி:
பிப்ரவரியில் அந்தமான் போகிறேன். ஹேவ்லாக்கில் (இப்போது சுவராஜ் தீவு) ஸ்கூபாவின், அதாவது காற்று உருளையோடு கடலுக்குள் இறங்குவதன், முதல் நிலையான ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விளம்பரங்களில் மூன்று நாள் என்கிறார்கள், நான்கு நாள் என்கிறார்கள். முடித்தவர்கள் சொல்லுங்கள். அலுவலகத்தில் விடுப்பு கேட்க வேண்டும்.

கடற்காகம், சென்னை:
நான் முடித்ததும் ஹேவ்லாக்கில்தான். மூன்று நாளில் முடியும், எதுவுமே தடைபடாவிட்டால். பாடப்பகுதியை ஊரிலேயே இணையத்தில் படித்துவிட்டுப் போனேன். வேலை முடிந்து இரவில் உட்கார்ந்ததால் இரண்டு வாரம் இழுத்தது. அங்கே போய்ப் படிக்கலாம் என்று வந்தவர்கள், எதிரே கடல் இருக்க, அறைக்குள் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் நாள் ஆழமில்லாத அமைதியான நீரில் பயிற்சி. பிறகு கடலில் நான்கு டைவ், அதிகபட்சம் 18 மீட்டர் ஆழம். சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பான பேடியின் (PADI) விதிப்படி பயிற்சியில் ஒரே நாளில் மூன்று டைவுக்கு மேல் கூடாது. ஆகவே கடலுக்கு மட்டுமே இரண்டு நாள் கட்டாயம்.

எங்கள் குழுவில் ஓர் இளைஞர், அருமையான நீச்சல்காரர். மூன்று மீட்டர் இறங்கியதுமே காதைக் காட்டிவிட்டு மேலே போய்விடுவார். லேசான ஜலதோஷம், அவ்வளவுதான். பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த மாற்றத்தைக் காது முதல் சில மீட்டரிலேயே கடுமையாக உணர்ந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வலி வந்தபின் ஊதிப் பயனில்லை, இறங்க இறங்க முன்கூட்டியே செய்ய வேண்டும். சளி அடைத்திருந்தால் அதுவும் நடக்காது. பயிற்சியாளர் அவரை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, கரையில் உட்காரச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை பெரியது. இளைஞர் கையில் உபரி நாட்கள் வைத்திருந்தார். சளி இறங்கியதும் நிதானமாக முடித்தார்.

இன்னொன்று: பல டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். விடுப்புக் கணக்கில் அந்த நாளையும் சேருங்கள். என்னைக் கேட்டால், ஆறு நாள் கேளுங்கள் தம்பி.

நேத்ராணிப் பயணி, பெங்களூரு:
முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணித் தீவுக்குப் படகில் போய் ஒரு டைவ் செய்துவிட்டு வருவதைப் பலர் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். அது அறிமுக டைவ். பயிற்சியாளர் உங்களைக் கையில் பிடித்துக்கொண்டே போவார். அரைநாளில் முடியும், நல்ல அனுபவமும்கூட. ஆனால் அதை வைத்து வேறெங்கும் தனியாக இறங்க விடமாட்டார்கள்.

அல்லி, புதுச்சேரி:
நாற்பதைத் தாண்டிய பிறகுதான் நான் நீச்சலே கற்றேன். என்னைப் போன்றவர்கள் மூன்று நாள், நான்கு நாள் என்ற பேச்சைக் கேட்டு ஏமாற வேண்டாம். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நீந்துவதற்கு நேர வரம்பு கிடையாது, எந்த பாணியிலும் நீந்தலாம். ஆனாலும் அந்த நிலைக்கு வர எனக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. அந்த மாதங்களையும் நான் படிப்பில்தான் சேர்க்கிறேன்.

நீச்சலை விடவும் என்னை நிறுத்தி வைத்தது மாஸ்க், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி. நீருக்கடியில் அதை முழுவதும் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் பட்டதுமே உடம்பு மேலே ஓடத் துடிக்கும். அங்கேதான் ஆபத்து. அழுத்தக் காற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சடக்கி மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடக்கூடும். அதனால்தான் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது முதல் பாடம். என் பயிற்சியாளர் கடலைத் தள்ளி வைத்தார். இடுப்பளவு நீரில் மாஸ்க் இல்லாமல் முகத்தை நனைத்துக்கொண்டு, ஸ்நார்க்கல் குழாய் வழியே வாயால் மட்டும் மூச்சு விடச் சொன்னார். மாலை மாலையாக அதையே செய்தேன். ஒருநாள் மூக்கு அடங்கிவிட்டது. அதன் பிறகு நான்கு கடல் டைவும் தடையில்லாமல் முடிந்தன. நிலாவெளி அண்ணா, ஆஸ்துமா பற்றி முன்பு ஏதோ சொன்னீர்களே, இங்கேயும் எழுதுங்கள்.

நிலாவெளியான், திருகோணமலை:
எழுதுகிறேன் தங்கச்சி. சேர்வதற்கு முன்னால் மருத்துவக் கேள்விப் படிவம் தருவார்கள். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதிலளித்தால் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். எனக்குச் சிறுவயதில் ஆஸ்துமா. ஒளிக்காமல் எழுதினேன். நெஞ்சுப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை என்று அலைந்து கையொப்பம் கிடைப்பதற்குள் வாடைக் காற்று தொடங்கிவிட்டது. எங்கள் கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் கடல் தெளிவு. பிறகு படகு விடமாட்டார்கள். படகு விடாத அந்த மாதங்களில் தெற்கே உனவட்டுன, ஹிக்கடுவப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு வேலையை விட்டுப் போக இயலவில்லை. அடுத்த மே வரை காத்திருந்து, புறாத்தீவுப் பக்கம் முடித்தேன். வருத்தமில்லை. பொய் எழுதி இறங்கியிருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் பயந்திருப்பேன்.

இரட்டை மகள்களின் அப்பா, சிங்கப்பூர்:
எங்களுக்கு அது வார இறுதிகளாக நீண்டது. பாடம் வீட்டில், குளப் பயிற்சி இங்கே, கடலுக்கு மலேசியாவின் தியோமன் தீவு. அங்கே ஆண்டு இறுதி மழைக்காலத்தில் கடை அடைத்துவிடுவார்கள், முன்பே திட்டமிட வேண்டும். பத்து வயது நிறைந்தால் பிள்ளைகளும் சேரலாம், ஜூனியர் சான்றிதழ் கிடைக்கும். பெரியவர்கள் உடன் இல்லாமல் அவர்கள் இறங்க முடியாது. சேலம்வாசிக்கும் இந்த வழி பொருந்தும்: பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஓர் ஊரில் முடித்து, சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு, கடல் டைவ் நான்கையும் வேறிடத்தில் செய்யலாம். சென்னையிலோ புதுச்சேரியிலோ குளப் பயிற்சி முடிந்தால் அந்தமானில் இரண்டு நாளே போதும்.

சேலம்வாசி:
அந்தச் சான்றுக் கடிதம் எவ்வளவு காலம் செல்லும் ஐயா?

இரட்டை மகள்களின் அப்பா, சிங்கப்பூர்:
பேடியில் குளப் பயிற்சியின் கடைசி நாளிலிருந்து 12 மாதம். ஆனால் நாள் போகப் போகக் கை மறந்துவிடும், இடைவெளியைச் சில வாரங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் பயிற்சி மையத்துக்கு இப்போதே எழுதி, இப்படி வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். அங்கேயும் இறங்கும் முன் அடிப்படைத் திறன்களை ஒருமுறை செய்து காட்டச் சொல்வார்கள். மருத்துவப் படிவத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.