பைக் அலாரத்தில் ‘சென்சிட்டிவிட்டி’: தமிழில் என்ன போடலாம்?

கோவையிலிருந்து, திங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பைக்கில் மாட்டும் திருட்டு அலாரத்தின் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வியாழன் அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். பெட்டியின் பக்கவாட்டில் சின்னத் திருகு ஒன்று. ஒரு பக்கம் திருப்பினால் பூனை ஏறி உட்கார்ந்தாலே கத்தும். மறுபக்கம் திருப்பினால் வண்டியை உருட்டிக்கொண்டு போனாலும் வாய் திறக்காது. இதற்கு ‘உணர்திறன்’ என்று போட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன். “திறன்னா நல்லதுதானே சார், ஃபுல்லா வெச்சிரலாமே” என்றார். ஃபுல்லாக வைத்தால் தெருவில் ஒரு புல்லட் போனாலே கத்தும்.

தஞ்சையிலிருந்து

உணர்திறனில் என்ன குறை? உணர்ந்த, உணர்கின்ற, உணரும் திறன்: பழுதில்லாத வினைத்தொகை. (போன இழையில் ஒருவர் ‘உணர்த்திறன்’ என்று ஒற்றுப் போட்டிருந்தார். ஊறுகாயையும் ஊறுக்காய் என்பாரோ?) கால்வனாமீட்டருக்கு இதைத்தானே படித்தோம்! அதைவிட, ‘அலாரம்’ ஏன் அப்படியே நிற்கிறது? ‘அலறி’ எனலாமே. அலாரமே நம் ‘அலறு’ வேரிலிருந்து போனதுதான்.

சென்னையிலிருந்து

ஐயா, மன்னிக்கவும். அலாரம் இத்தாலிய மொழியின் ‘ஆயுதம் எடு’ என்ற கூவலிலிருந்து வந்தது. அலறுக்கும் அதற்கும் ஓசை ஒன்றுதான் உறவு. ‘அலறி’ என்று அச்சடித்தால் பாதிப் பேர் அரளிப்பூ என்று நினைப்பார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகள் பலவற்றில் அதிர்வை உணர்வது ஒரு பீசோ வில்லை. அதிர்ந்தால் சிறு மின்னழுத்தம் தரும். அது எந்த அளவைத் தாண்டினால் கத்துவது என்பதே கேள்வி. ஆகவே ‘அதிர்வு வரம்பு’.

கோவையிலிருந்து

> ஆகவே ‘அதிர்வு வரம்பு’

வரம்பைக் கூட்டினால் கத்துவது குறையுமே! பெட்டியில் கூட்டல் குறி போட்டிருக்கும் பக்கம் அதிகம் கத்தும் பக்கம். குறியும் சொல்லும் எதிரெதிராக நிற்கும்.

நெல்லையிலிருந்து

எங்க ஊர்ல இதுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கு: சொரணை. ‘சொரணை கெட்ட வண்டி’ன்னா குழந்தைக்கும் புரியும். ‘சொரணை அளவு’ன்னு போடுங்க.

தஞ்சையிலிருந்து

சொரணை ‘ஸ்மரணை’யின் சிதைவு. அதற்குத் தொட்டாற்சிணுங்கியை வைத்து ‘சிணுங்களவு’ என்று போடலாம், தமிழாகவாவது இருக்கும். முகர்ந்தாலே குழையும் அனிச்சமும் இருக்கிறது.

சென்னையிலிருந்து

அனிச்சம் வேண்டாம் ஐயா. பாடநூலில் ‘அனிச்சைச் செயல்’ இருக்கிறது. அது இச்சைக்கு எதிர்மறை, பூவோடு சம்பந்தமில்லை. ஆனாலும் குழப்பும்.

(இதன் பிறகு அனிச்சம் எந்தச் செடி என்று ஒன்பது மடல்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். — கோவை)

கோவையிலிருந்து, புதன் இரவு

மெக்கானிக்கிடம் மறுபடி கேட்டேன். “சொரணை நல்லாப் புரியுது சார். ஆனா அந்தப் பேரைப் போட்டா எவன் வாங்குவான்?” என்றார்.

உணர்திறனுக்கு நான்கு பேர், வரம்புக்கு ஒருவர், சொரணைக்கு ஒருவர். தலைப்பில் உணர்திறன் என்றே விடுகிறேன். கீழே இப்படி: “கூட்டல் பக்கம்: லேசான அசைவுக்கும் கத்தும். கழித்தல் பக்கம்: பலமாக அசைத்தால்தான் கத்தும். பஸ், லாரி போகும் தெருவில் கழித்தல் பக்கமே நல்லது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் அலாரத்தைப் போட்டுவிட்டு, சீட்டை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் ஸ்டாண்டிலேயே வண்டியை நிறுத்திச் சோதியுங்கள். சைடு ஸ்டாண்டில் ஒரு மாதிரியும் சென்டர் ஸ்டாண்டில் வேறு மாதிரியும் ஆடும்.”

சென்னையிலிருந்து

சரி. ஆனால் கழித்தல் பக்கம் ‘உணர்திறன் குறைவு’ என்று படிப்பவர், மட்டமான பெட்டியை விற்றுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அடுத்த பதிப்பில் வரம்பைப் பாருங்கள்.

தஞ்சையிலிருந்து

அட்டையில் ‘அலாரம்’ என்றே அச்சாகிறதா? அப்படியானால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.